பல்லேடியம் (111): லீட் படம் பளிச்சென்று இருக்கிறது, எக்ஸ்பிஎஸ்-இல் 532 உச்சி மட்டும் போகவில்லை. எதை நம்புவது?

மேற்பரப்பு_மாணவி:

வணக்கம். இயற்பியல் ஆய்வு மாணவி நான். பல்லேடியம் ஒற்றைப் படிகத்தின் (111) முகத்தில் (அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும் வெட்டுமுகம்) கரிம மூலக்கூறுகளை மெல்லிய படலமாகப் படியவைத்து, அவை உலோகத்தோடு எப்படிப் பிணைகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு முதலில் படிகம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

வெற்றிடச் சேம்பரின் அடிப்படை அழுத்தம் 2×10⁻¹⁰ மில்லிபார். 1000 எலக்ட்ரான் வோல்ட் (ஈவி) ஆர்கான் அயனிகளால் ஸ்பட்டர் செய்து, அதாவது மேல் அடுக்குகளை அடித்துப் பெயர்த்துவிட்டு, 650 டிகிரி செல்சியஸில் அனீல் செய்கிறேன், அதாவது சூடாக்கிப் பரப்பை மறுபடி ஒழுங்காக்குகிறேன். அதன் பிறகு லீட் (குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களைப் பரப்பில் மோதவிட்டு, அவை சிதறி வரும் புள்ளிகளைப் பார்க்கும் கருவி) திரையில் ஆறு புள்ளிகள் கூர்மையாக வருகின்றன, ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தோடு. இடையில் பின்புலம் நல்ல கறுப்பு. சரி, முடிந்தது என்று எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே அடித்து, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலிலிருந்து தனிமங்களை அறியும் முறை) எடுத்தால், பிணைப்பு ஆற்றல் 532 ஈவி-யில் பெரிதாக ஒரு உச்சி. அலுமினியம் எக்ஸ்ரே மூலம்தான். மென்பொருள் தானாகவே அதற்கு 'ஆக்சிஜன் 1எஸ்' (ஆக்சிஜனின் உள்கூட்டு எலக்ட்ரான் கோடு) என்று பெயர் வைத்து, சதவீதமும் போட்டுவிடுகிறது. திரும்ப ஸ்பட்டர் செய்தேன், நேரத்தைக் கூட்டினேன். உச்சி அப்படியே இருக்கிறது.

என் நெறியாளர் ஆக்சிஜன் போகிறவரை ஸ்பட்டர் செய்யச் சொல்கிறார். லேபில் இருக்கும் சீனியர், "லீட் இவ்வளவு நன்றாக இருக்கும்போது என்ன கவலை, மூலக்கூறைப் படியவை" என்கிறார். மேற்பரப்பில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் லீட் எப்படி இப்படி வரும்? லீட் சரியென்றால் இந்த உச்சி எங்கிருந்து வருகிறது? எந்தக் கருவியை நம்புவது என்றே புரியவில்லை. இதில் அனுபவம் உள்ள அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்கள்.

தட்டும்_கிளிப்பும்:

முதலில் சாம்பிளைப் பிடித்திருக்கும் தட்டைச் சந்தேகப்படுங்கள். எக்ஸ்ரே படிகத்தோடு நிற்பதில்லை, சுற்றிலும் விழும். அனலைசர் பார்க்கும் பரப்பு படிகத்தைத் தாண்டினால், தட்டில் இருக்கும் ஆக்சைடும் சேர்ந்தே வரும். உங்கள் கிளிப் டாண்டலமா? முழு வீச்சில் 226 ஈவி பக்கம் டாண்டலம் 4டி தெரிகிறதா பாருங்கள். மாலிப்டினம் தட்டு என்றால் 228. தெரிந்தால் சாம்பிளை நகர்த்தி, அனலைசரின் பார்வையைச் சுருக்கி மறுபடி எடுங்கள்.

பம்ப்_பக்கத்தில்:

தட்டைப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் இங்கே முதல் சந்தேகம் பல்லேடியத்தின் மேலேயே விழ வேண்டும். பல்லேடியத்தின் 3பி3/2 கோடு (அதன் 3பி உள்கூட்டு எலக்ட்ரான்கள் தரும் இரண்டு கோடுகளில் ஒன்று) 532 ஈவி-யை ஒட்டித்தான் விழும். ஆக்சிஜன் 1எஸ் வரும் அதே இடம். இந்த உலோகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இதைச் சந்தித்தாக வேண்டும். அந்த உச்சியைப் போக்க ஸ்பட்டர் செய்தால் கீழே இருக்கும் புதுப் பல்லேடியம்தான் மேலே வரும், உச்சி எப்படிக் குறையும்? மென்பொருளின் தானியங்கிப் பெயர்களை அணைத்து வையுங்கள். அது அட்டவணையைப் பார்த்துப் பெயர் வைக்கிறது, நீங்கள் படிகத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? 3பி3/2 இருந்தால் அதன் ஜோடி 3பி1/2-உம் இருந்தே ஆக வேண்டும். அது 560 ஈவி-யில் தனியாக நிற்கும், அங்கே தொந்தரவு செய்ய வேறு யாரும் இல்லை. பி கோடுகளின் பரப்பு விகிதம் 2:1. பின்புலத்தை ஒழுங்காகக் கழித்துவிட்டு இரண்டின் பரப்பையும் அளந்து பாருங்கள். 532-இல் இருப்பது 560-இல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றால் அது முழுக்கப் பல்லேடியம். அதைத் தெளிவாகத் தாண்டினால் மிச்சம் ஆக்சிஜனுடையது. அகலமும் காட்டிக் கொடுக்கும். 3பி துளை சீக்கிரம் நிரம்பிவிடுவதால் அந்தக் கோடு அகலமாகப் பரந்து கிடக்கும். ஆக்சிஜன் 1எஸ் அப்படிப் பரவாது.

இதைவிட நேரான சாட்சி ஆக்சிஜனின் ஆகர் கோடு (கேஎல்எல்), அதாவது உள்கூட்டுத் துளை நிரம்பும்போது வெளியேறும் இன்னொரு எலக்ட்ரானின் கோடு. ஆக்சிஜன் கேஎல்எல் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் 510 ஈவி-யை ஒட்டி இருக்கும். அலுமினியம் மூலத்தின் 1486.6-இலிருந்து கழித்தால், உங்கள் அச்சில் 975 முதல் 980 வரை. பல்லேடியத்துக்கு அங்கே கோடு கிடையாது. அங்கே சமதளமாக இருந்தால் நீங்கள் ஆக்சிஜனைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மூலத்தை மெக்னீசியத்துக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று யாராவது சொல்லக்கூடும். அப்படி மாற்றினால் ஆகர் கோடுகள் பிணைப்பு அச்சில் 233 ஈவி நகரும், எக்ஸ்ரே நேராக வெளியேற்றும் ஒளி எலக்ட்ரான்களின் கோடுகள் நகராது. 3பி-யும் 1எஸ்-உம் ஒளி எலக்ட்ரான்களே என்பதால் இரண்டும் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்த வேலை வேண்டாம்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். லீட், எக்ஸ்பிஎஸ் இரண்டில் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். ஆனால் உங்கள் சீனியர் சொன்ன காரணத்தை ஏற்க மாட்டேன். லீட் பளிச்சென்று இருப்பதால் பரப்பு சுத்தம் என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனது கேட்பதில்லை.

லீட்-இல் திரைக்கு வருவது மீள்சிதறல் எலக்ட்ரான்கள் மட்டும். ஆற்றலை இழந்தவற்றை முன்னால் இருக்கும் வலைகள் தடுத்துவிடுகின்றன. 100 ஈவி எலக்ட்ரானின் அலைநீளம் 1.23 ஆங்ஸ்ட்ராம். பல்லேடியம் (111) பரப்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் தூரம் 2.75 ஆங்ஸ்ட்ராம். அணுக்கள் ஒழுங்காக இருக்கும் இடத்திலிருந்து வரும் அலைகள் சேர்ந்து புள்ளியாகின்றன. கார்பனோ கந்தகமோ ஒழுங்கில்லாமல் அங்கங்கே ஒட்டிக் கிடந்தால் அதற்கென்று புள்ளி வராது, பின்புலம்தான் லேசாக வெளுக்கும். பள்ளியில் பிரேயர் வரிசையை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரிதான். வரிசைகள் கண்ணில் படும், இடையில் ஓடித் திரிகிற பிள்ளைகள் படமாட்டார்கள். திரையைக் கண்ணால் பார்த்து அந்தப் பின்புலத்தை அளக்க முடியாது. அதனால் லீட்-ஐ வைத்து 'ஒழுங்கு இருக்கிறது' என்று சொல்லலாம், 'அந்நியம் இல்லை' என்று சொல்ல முடியாது.

எக்ஸ்பிஎஸ் இதற்கு நேர் எதிர். யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், எப்படி அடுக்கி இருக்கிறார்கள் என்று சொல்லாது. இன்னொரு விஷயம், அது நாம் நினைப்பதைவிட ஆழமாகப் பார்க்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். பல்லேடியம் 3டி எலக்ட்ரான் 1150 ஈவி இயக்க ஆற்றலோடு வெளியே வருகிறது. ஆற்றலை இழக்காமல் அது கடக்கும் சராசரித் தூரத்தை ஒன்றரை நானோமீட்டர் என்று வையுங்கள். (111) அடுக்குகளின் இடைவெளி 0.225 நானோமீட்டர். பரப்புக்குச் செங்குத்தாக எலக்ட்ரான்களைப் பிடித்தால் முதல் அடுக்கின் பங்கு 14 சதவீதம்தான். மீதி எல்லாம் அடியிலிருந்து வருகிறது. சாம்பிளைத் திருப்பி, செங்குத்திலிருந்து 70 டிகிரி சாய்வில் வரும் எலக்ட்ரான்களைப் பிடித்தால் முதல் அடுக்கின் பங்கு 35 சதவீதம் ஆகும். லீட்-இல் 100 ஈவி எலக்ட்ரான் போகவும் வரவும் தூரம் கடக்க வேண்டும், அந்த ஆற்றலில் கடக்கும் தூரமும் அரை நானோமீட்டர் அளவுதான். அதனால் முதல் அடுக்கே பாதிக்கு மேல் பேசுகிறது. ஒரே படிகத்தை இரண்டு கருவிகளில் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது ஒரே தடிமனை அல்ல.

ஆகவே சாய்வுக் கோணத்தில் கட்டாயம் ஒரு முறை எடுங்கள். ஆக்சிஜன் மேலே ஒட்டியிருந்தால் 3டி-யோடு ஒப்பிடும்போது 532 வளரும், 3பி என்றால் ஏறக்குறைய அதே விகிதத்தில் நிற்கும். கார்பன் 1எஸ்-ஐயும் அப்போதே பாருங்கள். லீட் வலைகளை வைத்து ஆகர் எடுத்துக் கார்பன் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கார்பனின் ஆகர் கோடு 272 ஈவி, பல்லேடியத்துக்கு 279-இல் ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பல்லேடியத்தில் கார்பனுக்கு எக்ஸ்பிஎஸ்-தான் நம்பகமான வழி.

அப்புறம், ஆற்றல் அச்சைக் கார்பன் 284.8 என்று வைத்துத் திருத்துகிறீர்களா? செய்யாதீர்கள். கார்பன் இல்லை என்று காட்டப் போகிற படிகத்தில் கார்பனை அளவுகோலாக வைக்க முடியாது. பல்லேடியத்தின் ஃபெர்மி விளிம்பு (நிரம்பிய எலக்ட்ரான் மட்டங்கள் முடியும் இடம், பிணைப்பு ஆற்றலின் பூஜ்யம்) அவ்வளவு உறுதியாக நிற்கும், அதை வைத்தே திருத்துங்கள். 3டி5/2 335.1-இல் வந்து உட்காரும்.

சுத்தம் செய்கிற அலுப்பில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். 1925-இல் நியூயார்க் பெல் ஆய்வகத்தில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கலில் எலக்ட்ரான் சிதறலை அளந்துகொண்டிருந்தபோது, திரவக் காற்றுக் குடுவை வெடித்து வெற்றிடக் குழாய் உடைந்தது. சூடாக இருந்த நிக்கல் காற்றுப் பட்டு ஆக்சைடாகிவிட்டது. அந்த ஆக்சைடைப் போக்க ஹைட்ரஜனிலும் வெற்றிடத்திலும் நெடுநேரம் சூடாக்கினார்கள். சிறு சிறு படிகங்களாக இருந்த உலோகம் அந்தச் சூட்டில் சில பெரிய படிகங்களாக மாறியது. அதன் பிறகு சிதறல் வளைவே மாறிப்போனது. ஒற்றைப் படிகம் எடுத்துச் செய்தபோது 54 ஈவி-யில், 50 டிகிரியில் அந்தப் புகழ்பெற்ற உச்சி வந்தது. 1927-இல் எலக்ட்ரானின் அலைத்தன்மை உறுதியானது இப்படித்தான். உங்கள் அனீல் அடுப்பில் நடப்பதும் அதே வேலைதான்.

மேற்பரப்பு_மாணவி:

அக்கா, மிக்க நன்றி. சொன்னபடி எல்லாம் எடுத்துப் பார்த்தேன். டாண்டலம் தெரியவில்லை. 560-இல் உச்சி இருக்கிறது, 532-இன் பரப்பு அதைப் போல இரண்டு மடங்குக்கு மிக அருகில். 975 பக்கம் ஒன்றுமே இல்லை, நேர்கோடு. இரண்டு உச்சிகளும் அகலமாகத்தான் இருக்கின்றன. 3பி-யை ஆக்சிஜன் என்று நினைத்து எங்கள் லேப் மொத்தமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நெறியாளரிடம் காட்டினேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் புதிதாக ஒன்று. செங்குத்தாக எடுத்தபோது கார்பன் 1எஸ் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. 70 டிகிரி சாய்வில் எடுத்தால் 284 ஈவி-யில் சின்னதாக ஒரு மேடு. ஸ்பட்டர் செய்த உடனே எடுத்தால் இல்லை, அனீல் செய்த பிறகு எடுத்தால் வருகிறது. லீட் எப்போதும் போல அழகாக இருக்கிறது. இதை விட்டுவிடலாமா?

பம்ப்_பக்கத்தில்:

விடவே கூடாது. அதுதான் உங்கள் உண்மையான அழுக்கு. ஸ்பட்டருக்குப் பின் இல்லாமல் அனீலுக்குப் பின் வருகிறதென்றால், கார்பன் வெளியிலிருந்து வரவில்லை, படிகத்தின் உள்ளேயிருந்து சூட்டில் மேலே ஏறுகிறது. லீட் அதைக் காட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கந்தகமும் இதே வழியில் வரும், 162 ஈவி பக்கம் 2பி-யை ஒரு பார்வை பாருங்கள்.

இதற்கு ஸ்பட்டரை நீட்டிப் பயனில்லை. உள்ளே இருக்கும் கார்பனைச் சூடாக்கி மேலே வரவழைத்து, மேலே வந்ததை ஆக்சிஜனோடு எரிக்க வேண்டும். 10⁻⁷ மில்லிபார் அளவில் ஆக்சிஜன் விட்டு, படிகத்தை 600 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் வையுங்கள். கார்பன், கார்பன் மோனாக்சைடாக ஓடிவிடும். பிறகு ஆக்சிஜனை நிறுத்தி, அழுத்தம் இறங்கியதும் 700 டிகிரிக்கு ஒரு குறுகிய ஃபிளாஷ், அதாவது சட்டென்று ஒரு சூடேற்றல். ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் அதில் போய்விடும். ஆக்சிஜனை அள்ளி விடாதீர்கள், பல்லேடியம் அதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும், பிறகு அதைத் துரத்த வேண்டியிருக்கும். கார்பன் மேடு சாய்வுக் கோணத்திலும் வராத வரை இந்தச் சுற்று நடக்கட்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் ஃபிளாஷின்போது 28-ஐப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

சுத்தமானதும் மூலக்கூறைப் படியவைக்கத் தாமதிக்காதீர்கள். 10⁻⁶ டார் (1.33×10⁻⁶ மில்லிபார்) அழுத்தத்தில் வந்து மோதுவதெல்லாம் ஒட்டினால் ஒரு நொடியில் பரப்பு மூடிவிடும் என்பது நம் பழைய கணக்கு. உங்கள் 2×10⁻¹⁰ மில்லிபாரில் அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மிச்ச வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும்தான் அதிகம், இரண்டுமே பல்லேடியத்தில் நன்றாக ஒட்டும். ஒரு மணி நேரம் எக்ஸ்பிஎஸ் ஓட்டிவிட்டுப் படியவைத்தால் நீங்கள் படியவைப்பது வெறும் பல்லேடியத்தின் மேல் அல்ல. அப்படி ஒட்டும் கார்பன் மோனாக்சைடின் ஆக்சிஜன் 1எஸ்-உம் அந்த 532-க்கு அருகிலேயே விழுந்து 3பி-க்குள் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க வேண்டுமானால் கார்பன் பக்கம், 286 அருகே பாருங்கள்.

இந்தூர்_வழி:

சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு வலுவான எக்ஸ்ரே எடுக்கும் இடம்) வேலை செய்கிறவன் என்பதால் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். நம் நாட்டில் இந்தூரில் இந்துஸ்-2 இருக்கிறது, 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வளையம். சின்க்ரோட்ரானில் ஃபோட்டான் ஆற்றலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் பெரிய வசதி. ஆனால் எந்த ஆற்றலுக்கு மாற்றினாலும் 3பி-யும் ஆக்சிஜன் 1எஸ்-உம் பிரியாது, பிணைப்பு ஆற்றல் ஒன்றுதானே. அதனால் ஆக்சிஜனை நேரே தேடாமல் அது பல்லேடியத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். மென் எக்ஸ்ரே கற்றை கிடைத்து 400 ஈவி ஃபோட்டானில் 3டி எடுத்தால், எலக்ட்ரான் 65 ஈவி-யில் வெளியே வரும். முதல் இரண்டு அடுக்குகளுக்குக் கீழே அதிகம் தெரியாது. சுத்தமான பரப்பு அணுக்களின் 3டி, அடியில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் குறைந்த பிணைப்பு ஆற்றலில் ஒரு தோளாகத் தெரியும். ஏதாவது வந்து ஒட்டினால் அந்தத் தோள் மறைந்து மறுபக்கம் புதிதாக எழும். ஒட்டியது என்னவென்று சில நேரம் குழப்பம் வரலாம், ஆனால் ஒட்டியிருக்கிறது என்பதில் குழப்பமே வராது. உங்கள் லேப் அலுமினியம் மூலத்தில் இந்த அளவு நுணுக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

மேற்பரப்பு_மாணவி:

ஆக்சிஜன் சுற்றுகள் பலன் கொடுத்தன. சாய்வுக் கோணத்திலும் கார்பன் மேடு இல்லை, கந்தகமும் இல்லை. நெறியாளர் கட்டுரையில் 'தூய பரப்பு' என்று எழுதச் சொல்கிறார். அதற்கு முன் வேறு ஏதாவது சோதனை செய்யலாமா?

பம்ப்_பக்கத்தில்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது, கார்பன் மோனாக்சைடையே வேண்டுமென்று கொஞ்சம் விட்டுப் பாருங்கள். சுத்தமான பல்லேடியம் (111)-இல் மூன்றில் ஒரு பங்கு இடம் நிரம்பும்போது, ரூட் 3 × ரூட் 3 அமைப்பு (பல்லேடியத்தின் கட்டத்தைவிட ரூட் 3 மடங்கு பெரிய கட்டம்) 30 டிகிரி திரும்பி லீட்-இல் வரும். பல்லேடியத்தில் இந்த அமைப்புகளை 1970-களிலேயே விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் கெர்ஹார்ட் எர்ட்ல், 2007-இல் வேதியியல் நோபல் பெற்றவர். கார்பன் உட்கார்ந்திருக்கிற பரப்பில் இந்த ஒழுங்கு சரியாக அமையாது. அதனால் நான் வெறும் 1×1 (பல்லேடியத்தின் சொந்தக் கட்டம்) புள்ளிகளைவிட இந்தப் புதுப் புள்ளிகளின் கூர்மையைத்தான் நம்புவேன். லீட் கற்றையின் மின்னோட்டத்தைக் குறைத்து வையுங்கள், எலக்ட்ரான் அடியே மூலக்கூறைப் பெயர்த்துவிடும். உங்கள் கரிமப் படலத்துக்கும் இதே எச்சரிக்கை, அது இன்னும் மென்மையானது.

இரண்டாவது, ஹீலியம் விளக்கு இருந்தால் 21.2 ஈவி-யில் யுபிஎஸ் (எக்ஸ்ரேக்குப் பதில் புறஊதா ஒளி). கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருந்தால் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே 8 ஈவி அருகிலும் 11 ஈவி அருகிலும் அதன் மூலக்கூறு மட்டங்கள் தெரியும். சாம்பிளுக்குச் சில வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்து, குறைந்த ஆற்றல் முனையில் நிறமாலை எங்கே முடிகிறது என்று பார்த்தால் வெளியேற்ற ஆற்றலும் (உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கிடைக்கும். சுத்தமான பல்லேடியம் (111)-க்கு அது 5.6 ஈவி அளவு. இந்த எண்ணைப் படியவைப்பதற்கு முன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு வந்து உட்கார்ந்த பிறகு அது எவ்வளவு நகர்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வுக்கே முக்கியமான எண்ணாக இருக்கும்.

எழுதும் விதம் பற்றிக் கேட்டீர்கள். 'தூய பரப்பு' என்று ஒற்றைச் சொல்லில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. 'சாய்வுக் கோண எக்ஸ்பிஎஸ்-இல் கார்பன், கந்தகம் தென்படவில்லை, ஆக்சிஜன் ஆகர் கோடு இல்லை, லீட் 1×1' என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு நீங்கள் எதை எதால் பார்த்தீர்கள் என்று தெரிய வேண்டும்.

அதிர்வுக்காரர்:

கடைசி வரியை வழிமொழிகிறேன், அதற்குக் காரணம் ஹைட்ரஜன். எக்ஸ்பிஎஸ் ஹைட்ரஜனைப் பார்க்காது. அதற்கு உள்கூட்டு எலக்ட்ரான் கிடையாது, இருக்கும் ஒன்றும் பிணைப்புக்குப் போய்விடுகிறது. பல்லேடியமோ ஹைட்ரஜனைக் குடிக்கிற உலோகம். அதைப் பார்க்க எங்கள் பக்கம் வர வேண்டும், அதாவது மிகச் சில ஈவி ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் பரப்பில் மோதவிட்டு, திரும்பி வரும்போது எத்தனை மில்லி ஈவி இழந்தன என்று அளப்பது. இழப்பின் அளவு அங்கே அதிரும் பிணைப்பைச் சொல்லும். கார்பன் மோனாக்சைடு வாயுவாக இருக்கும்போது அதன் அதிர்வு 266 மில்லி ஈவி. உங்கள் ரூட் 3 அமைப்பில் மூன்று பல்லேடிய அணுக்களின் நடுக்குழியில் உட்காரும்போது 228-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. உலோகம் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தப் பிணைப்பைத் தளர்த்துவதால் வரும் இறக்கம் இது. எந்த அணு இருக்கிறது என்பதோடு, அது எந்த இடத்தில், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் இதில் தெரியும்.

இந்தக் கருவி உங்கள் லேபில் இல்லையென்றாலும், படியவைப்பதற்குச் சற்று முன் 200 டிகிரிக்கு ஒரு முறை சூடாக்கிவிட்டு, சாம்பிள் ஆறியதும் உடனே படியவையுங்கள். ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் அதற்குள் போய்விடும். கார்பன் மோனாக்சைடும் பெரும்பகுதி போய்விடும். மூலக்கூறு ஆவியாக்கும் அடுப்பையும் முன்கூட்டியே நன்றாக டிகாஸ் செய்து வையுங்கள். அது முதல் முறை சூடாகும்போது விடுகிற தண்ணீர், இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த படிகத்தின் மேல் நேராகப் போய் விழக் கூடாது.